மகனுக்கு 26 வயது நிறைகிறது, காப்பீட்டுக்கு என்ன வழி?

கேள்வி: எங்கள் மகனுக்கு வரும் ஆகஸ்ட் 19 அன்று 26 வயது நிறைகிறது. பதினோரு வயதிலிருந்து அவனுக்கு முதல் வகை நீரிழிவு இருக்கிறது. இன்சுலின் பம்ப், சென்சார் எல்லாவற்றையும் இதுவரை என் கணவரின் நிறுவனக் காப்பீட்டில்தான் வாங்கி வருகிறோம். அவன் வேலை பார்ப்பது ஒன்பது பேர் கொண்ட சிறிய மென்பொருள் நிறுவனம். ஆண்டுச் சம்பளம் 48,000 டாலர், காப்பீடு கிடையாது. நியூ ஜெர்சியில் 31 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம் என்று என் நாத்தனார் சொல்கிறார். கணவரின் அலுவலகத்திலோ 26-உடன் முடிந்தது என்கிறார்கள். கோப்ரா (முழுச் செலவையும் நாமே கட்டி அதே நிறுவனக் காப்பீட்டில் தொடரும் வழி) எடுத்தால் மாதம் ஏறக்குறைய 806 டாலர் ஆகுமாம். கோவிலில் சந்தித்த ஒருவர், மலிவான குறுகிய காலத் திட்டம் ஒன்றை வாங்கச் சொன்னார். பிப்ரவரியில் சென்னையில் மகனுக்குத் திருமணம். வரப்போகும் மருமகள் இங்கேயே பார்மசிஸ்டாக இருக்கிறாள், அவளுக்கு வேலையில் நல்ல காப்பீடு உண்டு. அதுவரை எப்படிச் சமாளிப்பது? மகனின் மருந்துச் செலவுக்குக் கணவரின் ஹெச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) அட்டையைத்தான் தேய்க்கிறோம். ஒபாமா சட்டத்தையே எடுத்துவிடப் போவதாகவும் பேசிக்கொள்கிறார்களே?
— ஒரு தாய், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நாத்தனார் சொல்வதும் சரி, கணவரின் அலுவலகத்தில் சொல்வதும் சரி. அவர்கள் பேசுவது இரண்டு வெவ்வேறு சட்டங்களைப் பற்றி. 26 என்பது 2010 மார்ச் 23 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மத்திய அரசின் சட்டம் கொடுத்த வயது. 31 என்பது நியூ ஜெர்சி மாநிலம் தனியாகக் கொடுத்த வயது. மாநிலச் சட்டம் உங்கள் மகனுக்குப் பொருந்துமா என்பது, மருத்துவமனை அனுப்பும் பில்லுக்கு உங்கள் கணவரின் நிறுவனத்தில் யாருடைய பணம் போகிறது என்பதைப் பொறுத்தது.

இதைச் சற்று விளக்க வேண்டும். சில நிறுவனங்கள் காப்பீட்டுக் கம்பெனிக்கு மாதாமாதம் பிரீமியம் கட்டிவிட்டு, செலவுப் பொறுப்பு முழுவதையும் அதனிடம் விட்டுவிடுகின்றன. ‘ஃபுல்லி இன்ஷ்யூர்ட்’ எனப்படும் அப்படிப்பட்ட திட்டங்கள் மாநில அரசின் கட்டுப்பாட்டில் வருகின்றன. பெரிய நிறுவனங்களில் பெரும்பாலானவை அப்படிச் செய்வதில்லை. ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தங்கள் கணக்கிலிருந்தே கொடுத்துவிட்டு, பில்களைச் சரிபார்க்கும் வேலைக்கு மட்டும் ஒரு காப்பீட்டுக் கம்பெனியை அமர்த்துகின்றன. இவற்றுக்கு ‘செல்ஃப் ஃபண்டட்’ என்று பெயர். அட்டையில் பிரபலமான கம்பெனியின் சின்னம் இருந்தாலும் பணம் முதலாளியுடையதுதான். எரிசா எனப்படும் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகைய திட்டங்களை மாநிலங்கள் கட்டுப்படுத்த முடியாது. ஆகவே நியூ ஜெர்சியின் 31 வயதுச் சலுகை அவற்றின் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. உங்கள் கணவரின் நிறுவனமும் இந்த வகையாக இருக்கலாம் என்பதே என் ஊகம். ஆனால் ஊகத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். “நமது திட்டம் செல்ஃப் ஃபண்டடா, ஃபுல்லி இன்ஷ்யூர்டா?” என்று ஹெச்.ஆர். பிரிவுக்கு ஒரு வரி மின்னஞ்சல் எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒருவேளை அது நியூ ஜெர்சியில் வழங்கப்பட்ட, காப்பீட்டுக் கம்பெனியே பொறுப்பேற்கும் திட்டம் என்றால் நாத்தனாரின் யோசனைக்கு வழி இருக்கிறது. மகன் மணமாகாதவராகவும், தன்னைச் சார்ந்த பிள்ளைகள் இல்லாதவராகவும், வேறு காப்பீடு இல்லாதவராகவும் இருந்து, நியூ ஜெர்சியில் வசிக்க வேண்டும் அல்லது முழுநேர மாணவராக இருக்க வேண்டும். அவருக்கான பிரீமியத்தைத் தனியாகக் கட்ட வேண்டும். திருமணம் ஆனதும் அந்தத் தகுதி போய்விடும். பிப்ரவரி வரைக்கும் என்றால் அதுவும் ஒரு வழிதான்.

இப்போது அந்த 26-ஐப் பற்றி. நம்மவர் பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2010-க்கு முன் பெரும்பாலான திட்டங்களில் பிள்ளைக்கு 19 வயதானதும், அல்லது முழுநேரக் கல்லூரிப் படிப்பு முடிந்ததும் காப்பீடு அறுந்துவிடும். நியூ ஹாம்ப்ஷயரில் பிளிமத் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மிஷெல் மோர்ஸ் என்ற மாணவிக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தபோது, ஓய்வெடுக்கும்படி மருத்துவர்கள் சொன்னார்கள். படிப்பைக் குறைத்தால் தாயின் காப்பீட்டை இழக்க நேரிடும் என்பதால், கீமோதெரபி எடுத்துக்கொண்டே அவர் முழுநேர வகுப்புகளுக்கும் போய்வந்தார். 2005-இல் அவர் இறந்தார். அவருடைய தாயின் முயற்சியால், நோயுற்ற மாணவர்கள் ஓராண்டு வரை விடுப்பில் இருந்தாலும் காப்பீட்டை இழக்கமாட்டார்கள் என்ற சட்டம் 2008-இல் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து வந்த பெரிய சட்டம், படிப்பு என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டது. பிள்ளை படித்தாலும் படிக்காவிட்டாலும், மணமானாலும் ஆகாவிட்டாலும், பெற்றோருடன் இருந்தாலும் வேறு மாநிலத்தில் இருந்தாலும், சொந்த வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிள்ளைகளைச் சேர்க்கும் திட்டம் எதுவாயினும் 26 வயது வரை அவரை வைத்துக்கொள்ள வேண்டும். 2010 செப்டம்பர் 23-க்குப் பின் தொடங்கிய திட்ட ஆண்டுகளிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. உங்கள் மகன் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் தந்தையின் அட்டையில் நீடிக்க முடிந்தது இதனால்தான்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் நீக்கிவிடுகிறேன். உங்களுக்கு இது பொருந்தாமல் இருக்கலாம், ஆனால் இதே கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் உள்ள பிள்ளைகள் 21 வயதில் அந்த விசாத் தகுதியை இழக்கிறார்கள். அதனால் காப்பீடும் 21-உடன் முடிந்துவிட்டது என்று எண்ணிப் பிள்ளையின் பெயரை நீக்கிவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். விசாவின் 21 வேறு, காப்பீட்டின் 26 வேறு. பிள்ளை எஃப்-1 மாணவராக மாறிவிட்டாலும் பெற்றோரின் காப்பீட்டில் தொடரலாம்.

இனி நாட்கணக்கு. ‘26 வயது வரை’ என்பது எந்த நாளோடு முடிகிறது என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். சிலவற்றில் பிறந்தநாளோடு முடியும், சிலவற்றில் அந்த மாதக் கடைசியில் முடியும். உங்களுக்கு அது ஆகஸ்ட் 19-ஆ, 31-ஆ என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். காப்பீடு முடிவதற்கு முந்தைய 60 நாளும் பிந்தைய 60 நாளும், ‘கெட் கவர்ட் நியூ ஜெர்சி’ எனப்படும் மாநிலக் காப்பீட்டுச் சந்தையில் புதிய திட்டம் வாங்க உங்கள் மகனுக்குச் சிறப்பு வாய்ப்பு உண்டு. ஆகஸ்ட் 31 கடைசி நாள் என்று வைத்துக்கொண்டால், அதற்கு முன்பே திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் செப்டம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வரும். “இன்னும் 60 நாள் இருக்கிறதே” என்று அக்டோபர் வரை விட்டுவைத்தால், தேர்ந்தெடுக்கும் மாதத்துக்கு அடுத்த மாதம்தான் தொடங்கும். இடைப்பட்ட நாட்களில் ஒன்றும் இருக்காது.

ஒன்றும் இல்லாமல் இருப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் என்னிடம் வந்த ஒரு இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கும் முதல் வகை நீரிழிவுதான். பிறந்தநாள் முடிந்த இரண்டாவது வாரம் மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். கணினியில் அவருடைய அட்டை செயலில் இல்லை என்று வந்துவிட்டது. கவுண்டரில் இருந்தவர் முழு விலையைச் சொல்ல, ஒரு குப்பி இன்சுலினை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். நல்லவேளையாக அவருக்கு கோப்ரா எடுக்கும் கெடு முடிந்திருக்கவில்லை. அவருடைய தாயார் விண்ணப்பத்தைக் கொடுத்துப் பணம் கட்டினார். காப்பீடு விட்டுப்போன நாளிலிருந்தே மீண்டும் உயிர்பெற்றது, அந்தக் குப்பிக்குக் கொடுத்த பணமும் திரும்பி வந்தது.

கோப்ராவின் சிறப்பே அந்தப் பின்தேதிதான். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால், வயது கடந்த பிள்ளை அதே திட்டத்தில் 36 மாதம் வரை தொடரலாம். நிறுவனத்தின் பங்கையும் சேர்த்து முழுச் செலவையும், அதன்மேல் 2 சதவீதத்தையும் கட்ட வேண்டும். உங்களுக்குச் சொன்ன 806 டாலர் அப்படி வந்த கணக்குதான். இதில் பலர் கோட்டைவிடுவது ஓரிடத்தில். வேலை போனால் நிறுவனமே கோப்ராவுக்கான வேலையைத் தொடங்கிவிடும். பிள்ளைக்கு வயது கடந்தால் அதைத் திட்டத்துக்குத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு குடும்பத்தினுடையது, அதற்குக் கெடு 60 நாள். “அவர்களுக்கே பிறந்த தேதி தெரியுமே” என்று காத்திருந்து உரிமையை இழந்தவர்கள் உண்டு. ஆகஸ்ட் மாதத்திலேயே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிவித்த பிறகு எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கத் தனியாக 60 நாள் கிடைக்கும்.

806 டாலர் என்றதும் உங்களுக்கு மலைப்பாக இருந்திருக்கும். ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பம்ப், சென்சார் என்று செலவு செய்பவருக்கு இந்நேரம் இந்த ஆண்டின் டிடக்டிபிள் (காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை) தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். செப்டம்பரில் புதிய திட்டத்துக்கு மாறினால் அது மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். உதாரணத்துக்குச் சந்தையில் மாதம் 400 டாலருக்கு, 2,500 டாலர் டிடக்டிபிள் உள்ள திட்டம் ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதப் பிரீமியம் 1,600, டிடக்டிபிள் 2,500, ஆக மொத்தம் 4,100 டாலர். கோப்ராவில் நான்கு மாதத்துக்கு 3,224 டாலர். டிடக்டிபிள் ஏற்கெனவே கழிந்துவிட்டது, மருத்துவரும் மாறமாட்டார். நோயில்லாத இளைஞருக்கு இந்தக் கணக்கு தலைகீழாக வரும். உங்கள் மகனுக்கு டிசம்பர் வரையிலாவது கோப்ராதான் என் பரிந்துரை.

சந்தைத் திட்டத்துக்கு அரசு உதவி கிடைக்காதா என்று கேட்பீர்கள். 2021 முதல் கூடுதலாகக் கொடுக்கப்பட்டு வந்த மத்திய அரசின் மானியம் 2025 இறுதியோடு காலாவதியாகிவிட்டது. 48,000 டாலர் வருமானம் உள்ள ஒருவர், சந்தையில் அளவுகோலாக வைக்கப்படும் சில்வர் திட்டத்துக்கு 2025-இல் மாதம் ஏறக்குறைய 260 டாலர் கட்டினால் போதும், அதற்கு மேலுள்ளதை அரசு ஏற்றுக்கொண்டது. 2026-இல் அந்த வரம்பு வருமானத்தில் 9.96 சதவீதம், அதாவது மாதம் 398 டாலர். இளவயதினருக்குப் பிரீமியம் இயல்பாகவே குறைவு என்பதால், அந்த 398-ஐ அது தாண்டினால் தாண்டிய அளவுக்குத்தான் உதவி. தாண்டாவிட்டால் ஒன்றும் கிடையாது. 62,600 டாலருக்கு மேல் சம்பாதிக்கும் தனிநபருக்கு மத்திய மானியமே இல்லை. நியூ ஜெர்சி மாநிலம் தன் பங்குக்கு ஒரு சேமிப்பு உதவி தருகிறது. சந்தையின் தளத்தில் வருமானத்தைப் பதிந்தால் இரண்டையும் சேர்த்துக் காட்டிவிடும். 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று ‘கேட்டஸ்ட்ரோஃபிக்’ என்றொரு மலிவுத் திட்டமும் உண்டு. 2026-இல் அதன் டிடக்டிபிள் 10,600 டாலர், மத்திய மானியத்தையும் அதற்குப் பயன்படுத்த முடியாது. உங்கள் மகனுக்கு அது ஆகாது.

கோவிலில் கிடைத்த யோசனையைக் கோவிலிலேயே விட்டுவிடுங்கள். குறுகிய காலத் திட்டங்கள் ஏற்கெனவே உள்ள நோயை ஏற்பதில்லை. அதோடு நியூ ஜெர்சியில் அவை விற்கப்படுவதும் இல்லை. யாராவது விற்க வந்தால், அவர் விற்பது வேறு ஏதோ ஒன்று.

திருமணத்துக்கு வருவோம். பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று பெரிய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம், கணவனையோ மனைவியையோ சேர்க்கச் சொல்லவில்லை. பெரும்பாலும் சேர்ப்பார்கள் என்றாலும் சிலர் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். எனவே உங்கள் வருங்கால மருமகள் தன் அலுவலகத்தில் அக்டோபருக்குள் இதை விசாரித்துவிடுவது நல்லது. சேர்த்துக்கொள்வார்கள் என்றால், திருமணத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அது வரைக்கும் கோப்ராவை ஜனவரி, பிப்ரவரியிலும் நீட்டித்துக்கொள்ளலாம். சேர்க்கமாட்டார்கள் என்றால், நவம்பர் 1 அன்று தொடங்கும் ஆண்டுச் சேர்க்கையில் சந்தைத் திட்டம் ஒன்றை எடுத்து ஜனவரி 1 முதல் மாறிவிட வேண்டும். டிசம்பர் 15-க்குள் இதை முடித்துவிடுங்கள். அந்தக் காலத்தைத் தவறவிட்டு, நடுவில் கோப்ராவை நீங்களாக நிறுத்தினால் சந்தையில் சேரச் சிறப்பு வாய்ப்பு கிடைக்காது. சந்தைத் திட்டத்தில் ஓர் ஆறுதல் உண்டு: மாநிலக் கட்டுப்பாட்டில் உள்ள திட்டங்களில் 30 நாள் இன்சுலினுக்கு நோயாளி கட்டுவது 35 டாலருக்கு மேல் போகக்கூடாது என்று நியூ ஜெர்சி 2025 முதல் வரம்பு வைத்திருக்கிறது.

காப்பீட்டுத் திட்டம் முகூர்த்த நாளைக் கேட்பதில்லை, திருமணச் சான்றிதழில் உள்ள தேதியைத்தான் கேட்கும். சென்னையில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, அதற்குச் சில மாதம் முன்பே இங்கே பதிவுத் திருமணம் செய்துகொள்ளும் குடும்பங்கள் பல. நீங்களும் அப்படி நினைத்திருந்தால் 30 நாள் கணக்கு பதிவுத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். பிப்ரவரியில் தாலி கட்டிய பிறகு விண்ணப்பித்தால் வாய்ப்பு கடந்து போயிருக்கும். மாறாக, பதிவு ஆகஸ்டிலேயே நடந்தால் கோப்ராவே தேவைப்படாமல் போகலாம். காப்பீட்டுக்காகத் திருமணத் தேதியை மாற்றச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. இரண்டு வீட்டாரும் ஏற்கெனவே அப்படி எண்ணியிருந்தால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஹெச்.எஸ்.ஏ. விஷயம் நீங்கள் போகிற போக்கில் எழுதியது. ஆனால் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அதுதான். காப்பீட்டில் பிள்ளை 26 வரை இருக்கலாம். ஆனால் தந்தையின் ஹெச்.எஸ்.ஏ. பணத்தை அவருக்காகச் செலவழிக்க வேண்டுமென்றால் அவர் வரிக் கணக்கிலும் தந்தையைச் சார்ந்தவராக இருக்க வேண்டும். 48,000 டாலர் சம்பாதிப்பவர் அப்படி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்படி இல்லையென்றால் அந்தச் செலவுக்கு வருமான வரியும் அதன்மேல் 20 சதவீத அபராதமும் விழும். அட்டையை இன்றோடு நிறுத்திவிட்டு, தெரியாமல் எடுத்த பணத்தைக் கணக்கில் திருப்பிக் கட்ட முடியுமா என்று உங்கள் வரி ஆலோசகரிடம் கேளுங்கள். அதற்கும் கெடு உண்டு. இதன் மறுபக்கம் நல்ல செய்தி. தகுதியுள்ள அந்தக் குடும்பத் திட்டத்தில் இருக்கும் மாதங்களுக்கு உங்கள் மகன் தன் பெயரிலேயே ஒரு ஹெச்.எஸ்.ஏ. தொடங்கி, குடும்ப வரம்பின் அளவுக்குப் பணம் போடலாம். தந்தை போடுவது இதில் கழியாது.

சட்டத்தையே எடுத்துவிடுவார்களா என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012, 2015, 2021 என்று மூன்று முறை உச்ச நீதிமன்றத்தைக் கடந்து அது நிற்கிறது. 2017-இல் அதை அகற்றக் கொண்டுவந்த மசோதாகூட 26 வயது விதியில் கை வைக்கவில்லை. மாறிக்கொண்டிருப்பது மானியமும் சேர்க்கைக் காலமும்தான். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தால் 2027 முதல் ஹெச்-1பி, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்களுக்குச் சந்தை மானியம் கிடைக்காது. மருமகளோ மகனோ அந்த நிலையில் இருந்தால் சந்தைத் திட்டத்தின் கணக்கை மானியம் இல்லாமலே போடுங்கள்.

கடைசியாக ஒன்று. எந்தத் திட்டத்துக்கு மாறினாலும் பம்புக்கும் சென்சாருக்கும் பெற்றிருக்கும் முன் அனுமதி புதிய திட்டத்தில் செல்லாது. மருத்துவர் மறுபடியும் எழுதி அனுப்பி ஒப்புதல் பெற வாரக்கணக்கில் ஆகலாம். எனவே மாறுகிற மாதத்துக்கு முந்தைய மாதம் 20-ஆம் தேதிக்குள் 90 நாள் பொருட்களுக்கு ஆர்டர் கொடுத்துவிடுங்கள். பழைய அட்டை செயலில் இருக்கும்போதே பெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில கம்பெனிகள் ஆர்டர் கொடுத்த தேதியைப் பார்ப்பதில்லை, பொருளை அனுப்பிய தேதியைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.